பொட்டிப்புரத்தில் அந்நியக் கை

தேனி மாவட்டத்தில் தேவாரத்துக்கு அருகே, மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் இருக்கிறது பொட்டிப்புரம். மழையை நம்பிய வெள்ளாமையும் ஆடுமாடு மேய்ச்சலும் அந்தப் பகுதியின் பிழைப்பு. ஊரை ஒட்டிய அம்பரப்பர் மலையைக் குடைந்து ஏறத்தாழ 2 கிலோமீட்டர் சுரங்கம் வெட்டி, உள்ளே 50,000 டன் எடையுள்ள இரும்புக் கருவியை நிறுவி நியூட்ரினோ என்னும் நுண்துகள்களை ஆராய்வது அணுசக்தித் துறையின் திட்டம். 2015 ஜனவரியில், சுமார் 1,500 கோடி ரூபாய் மதிப்பிலான இத்திட்டத்துக்கு ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் கிடைத்த செய்தி வந்ததும், அதுவரை இயற்பியல் வகுப்பறையில் மட்டும் புழங்கிய நியூட்ரினோ என்ற சொல், கம்பம் பள்ளத்தாக்கின் டீக்கடைகளுக்கு வந்து சேர்ந்தது.

கூடவே இரண்டு கதைகளும் வந்தன. அமெரிக்காவின் ஃபெர்மி ஆய்வகத்துக்காகத்தான் மலையைக் குடைகிறார்கள், ஆயுதம் செய்யப் போகிறார்கள், அணுக்கழிவைப் புதைக்கப் போகிறார்கள் என்றது ஒன்று. எதிர்ப்பவர்களை வெளியிலிருந்து யாரோ தூண்டிவிடுகிறார்கள், நாடு முன்னேறுவது பிடிக்காதவர்களின் வேலை இது என்றது மற்றொன்று. எதிரெதிர் முகாம்களில் பிறந்தாலும் இரண்டும் சொன்னது ஒன்றைத்தான்: கண்ணுக்கு முன்னால் நிற்பவர் தாமாகப் பேசவில்லை, கடலுக்கு அப்பாலிருந்து யாரோ பேச வைக்கிறார்கள்.

இப்படி ஒருவரைக் குற்றம் சாட்டும் உரிமை எப்போது கிடைக்கிறது?

அந்நியப் பிரச்சாரம் கற்பனையல்ல. 2022-இல் அம்பலமான ‘டாப்பல்கேங்கர்’ என்ற ரஷ்ய ஆதரவு வலைப்பின்னல், ஐரோப்பாவின் பெயர்பெற்ற பத்திரிகைகளின் இணையதளங்களை அச்சு அசலாகப் போலி செய்து, உக்ரைனுக்கு எதிரான பொய்ச் செய்திகளைப் பரப்பியது. லெ மோந்த் என்று நம்பிப் படித்தவர் உண்மையில் படித்தது வேறு யாரோ எழுதியதை. அதே ஆண்டு மார்ச்சில் ஐரோப்பிய ஒன்றியம் ஆர்.டி., ஸ்புட்னிக் ஆகிய ரஷ்ய அரசு ஊடகங்களைத் தடை செய்தது. போலித் தளங்களின் குற்றம் அவை வெளிநாட்டிலிருந்து வந்ததில் இல்லை. பேசுபவர் தன் முகத்தை மறைத்து, யாருடைய சொல் என்று எடைபோடும் உரிமையைக் கேட்பவரிடமிருந்து பறித்ததில் இருக்கிறது. வெளிநாட்டுக் கருத்து என்பதற்காகவே ஒன்றை ஒதுக்குவதென்றால் புகுஷிமா அணு உலை விபத்திலிருந்து நாம் எதையும் கற்றிருக்க முடியாது.

ஆனால் அதே ஐரோப்பாவில் இந்தக் குற்றச்சாட்டு குடிமக்கள் மீதும் திரும்பியது. ருமேனியாவின் புங்கேஷ்ட் கிராமத்தில் 2013-இல் செவ்ரான் நிறுவனம் ஷேல் எரிவாயுவுக்காக ஆழ்துளையிட வந்தபோது, நிலத்தடி நீர் கெட்டுவிடும் என்று விவசாயிகள் மறித்தார்கள். எரிவாயு எதிர்ப்பு ஐரோப்பாவின் பல இடங்களில் பரவியிருந்த 2014 ஜூனில், அப்போதைய நேட்டோ பொதுச்செயலர் ராஸ்முசன், எதிர்க்கும் சுற்றுச்சூழல் அமைப்புகளோடு ரஷ்யா கைகோத்திருப்பதாகக் கூறினார். ஐரோப்பா தன் எரிவாயுவையே வாங்கவேண்டும் என்ற ஆசை ரஷ்யாவுக்கு இருந்திருக்கும்தான். அந்த ஆசை, கிணற்றைப் பற்றிக் கவலைப்பட்ட விவசாயியின் கேள்விக்குப் பதிலாகிவிடாது.

இடிந்தகரை மக்களுக்கு இது பழகிய கதை. கூடங்குளம் அணு உலை எதிர்ப்புப் போராட்டம் உச்சத்தில் இருந்த 2012 பிப்ரவரியில், ‘சயின்ஸ்’ இதழுக்கு அளித்த பேட்டியில் பிரதமர் மன்மோகன் சிங், அதன் பின்னால் அமெரிக்க, ஸ்காண்டிநேவியத் தொண்டு நிறுவனங்கள் இருப்பதாகச் சொன்னார். உலைகளோ ரஷ்யாவினுடையவை. அரசு நிபுணர் குழுவை அமைத்து விளக்கங்கள் அளித்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் தேசத்துரோக வழக்குகள் ஆயிரக்கணக்கானோர் மீது பாய்ந்த பிறகு அந்த விளக்கங்களை யார் காது கொடுத்துக் கேட்பார்கள்? கடலில் கலக்கும் வெந்நீரால் மீன்பாடு என்னாகும் என்று கேட்ட பெண்ணிடம், உனக்குப் பணம் கொடுத்தது யார் என்று திருப்பிக் கேட்பது அவள் சிந்திக்கக்கூடியவள் என்பதையே மறுப்பது. அவள் வாழ்ந்து அறிந்த கடலைவிட, காட்டப்படாத ஒரு வங்கிக் கணக்கு பெரிதாகிவிடுகிறது.

தூத்துக்குடியில் இதன் கொடுமை இன்னும் கூர்மையாகத் தெரிந்தது. 2018 மே 22-இலும் அடுத்த நாளும் ஸ்டெர்லைட் தாமிர ஆலை எதிர்ப்பாளர்கள் மீது காவல்துறை நடத்திய துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் இறந்தார்கள். 2023 ஏப்ரலில் ஆளுநர் ஆர்.என். ரவி, அந்தப் போராட்டம் வெளிநாட்டுப் பணத்தால் தூண்டப்பட்டது என்று பேசினார். இறந்தவர்களால் அதற்கு மறுமொழி சொல்ல முடியாது. அதனாலேயே அப்படிச் சொல்பவருக்கு ஆதாரத்தை மேசைமேல் வைக்கும் கடமை கூடுகிறது.

இனி மறுபக்கம். சூரியனிலிருந்து புறப்படும் நியூட்ரினோக்கள் நம் உடலின் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரையும் நொடிக்குச் சுமார் 6,500 கோடி என்ற கணக்கில் ஊடுருவிச் செல்கின்றன. நமக்கு ஒன்றும் ஆவதில்லை. கோலார் தங்கச் சுரங்கத்தின் ஆழத்தில் 1965-லேயே இந்திய ஆய்வாளர்கள் வளிமண்டல நியூட்ரினோக்களைப் பதிவு செய்தார்கள். பொட்டிப்புரத்தில் வைக்க நினைத்த கருவி வருவதைப் பதிவு செய்யுமே தவிர எதையும் உமிழாது. இதை அறிந்தும் ஒலிபெருக்கியில் கதிர்வீச்சு என்று முழங்கியவர்கள், தங்களை நம்பிய மேய்ச்சல்காரரின் பயத்தைப் பயன்படுத்திக்கொண்டார்கள். 2018 மார்ச் இறுதியில், நியூட்ரினோ எதிர்ப்பு நடைப்பயணம் மதுரையில் தொடங்கியபோது தொண்டர் ஒருவர் தீக்குளித்து, பிறகு உயிரிழந்தார். மேடையில் சொல்லப்படும் ஒவ்வொரு மிகையும் இப்படி ஒரு வீட்டுக்குள் போய் முடியக்கூடும்.

ஃபெர்மி கதை வெறுங்காற்றிலிருந்தும் பிறக்கவில்லை. பிற்காலத்தில் வெளிநாட்டு முடுக்கியிலிருந்து அனுப்பப்படும் நியூட்ரினோ கற்றையை இங்கே ஆராயலாம் என்ற எண்ணம் திட்டத்தின் ஆரம்ப அறிக்கையிலேயே இருந்தது. விஞ்ஞானத்தில் இது சாதாரணக் கூட்டுறவு. அதை ஊர்க்கூட்டத்தில் முதலிலேயே தமிழில் விரித்துச் சொல்லாமல், கேள்வி வந்தபின் இப்போதைக்கு இல்லை என்பதோடு நிறுத்தினால், சந்தேகப்படுபவரைக் குறை சொல்வது நியாயமாகாது.

இரண்டு கதைகளின் இரைச்சலில் உண்மையான கேள்விகள் அமுங்கின. பாறையை வெடிவைத்து உடைக்கும்போது மலைக்கும் நீரோட்டத்துக்கும் என்னாகும்? 5 கிலோமீட்டருக்குள் மதிகெட்டான் சோலை தேசியப் பூங்கா இருக்கும்போது காட்டுயிர் வாரிய அனுமதி ஏன் இல்லை? ‘பூவுலகின் நண்பர்கள்’ என்ற சுற்றுச்சூழல் அமைப்பு இவற்றை எடுத்துச் சென்றதால்தான் 2017 மார்ச்சில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் சுற்றுச்சூழல் அனுமதியை நிறுத்திவைத்தது. 2018-இல் ஒன்றியச் சுற்றுச்சூழல் அமைச்சகம் மீண்டும் அனுமதி தந்தபோதும், காட்டுயிர் வாரியத்திடம் போகாமல் வேலை தொடங்கக்கூடாது என்றது தீர்ப்பாயம். அதற்கும் முன்னால், நீலகிரியின் சிங்காராவில் இதே ஆய்வகத்தை அமைக்க முயன்றபோது, முதுமலைப் புலிகள் காப்பகத்தைக் காட்டி 2009-இல் மறுத்தது ஒன்றியச் சுற்றுச்சூழல் அமைச்சகமே. அமைச்சகம் புலியைப் பற்றிக் கவலைப்பட்டால் அது கொள்கை முடிவு. மலையடிவாரத்து ஊர் அதே கவலையைச் சொன்னால் மட்டும் அது எப்படித் தூண்டுதலாகும்?

தூண்டுதல் என்று சொல்ல எவ்வளவு ஆதாரம் வேண்டும் என்பதற்கும் ஐரோப்பாவில் ஓர் அளவுகோல் உண்டு. 2024 டிசம்பரில் ருமேனியாவின் அரசியலமைப்பு நீதிமன்றம், டிக்டாக் வழியாக நடந்ததாகச் சொல்லப்பட்ட ரஷ்யத் தலையீட்டைச் சுட்டிய உளவு அறிக்கைகளுக்குப் பின், அதிபர் தேர்தலின் முதல் சுற்றையே ரத்து செய்தது. ஐரோப்பிய மன்றத்தின் வெனிஸ் ஆணையம் அடுத்த மாதமே, தேர்தலை ரத்து செய்வதற்கு ரகசிய உளவுத் தகவல் மட்டும் போதாது, மீறலும் ஆதாரமும் துல்லியமாகக் காட்டப்படவேண்டும் என்றது. அண்டை நாட்டில் போர் நடந்துகொண்டிருந்த காலத்திலும் இந்த அளவுகோல் தளர்த்தப்படவில்லை. நம் ஊர்ப் போராட்டங்களுக்கு, ‘உளவுத்துறை வட்டாரங்கள் தெரிவித்தன’ என்ற ஒற்றை வரியே பல நாளிதழ்களுக்கும் தொலைக்காட்சிகளுக்கும் போதுமானதாக இருக்கிறது. யார் சொன்னது, எந்தக் கணக்கில் எவ்வளவு வந்தது, அது எந்தப் பொய்யை விலைக்கு வாங்கியது என்று கேட்டுவிட்டு அச்சிட்டிருந்தால் அந்த வரிகளில் எத்தனை மிஞ்சியிருக்கும்?

2022-இல் தமிழ்நாடு அரசு இத்திட்டத்தை அனுமதிக்க முடியாது என்று உச்ச நீதிமன்றத்தில் பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்தது. அது சொன்ன காரணங்கள் புலிகளின் வழித்தடமும், நீர்ப்பிடிப்புப் பகுதியும், மேற்குத் தொடர்ச்சி மலையின் பல்லுயிர் வளமும். விஞ்ஞானிகள் தரவுகளோடு இவற்றை மறுக்கலாம். பொட்டிப்புரத்துக்காரர்களும் அந்தத் தரவுகளைக் கேட்டு வாங்கிப் படிக்கலாம்.