தேர்வறை வரை உள்ள தூரம்

ஜவ்வாது மலைப் புலியூரைச் சேர்ந்த ஸ்ரீபதி, 2023 நவம்பரில் பிள்ளை பெற்ற ஓரிரு நாளில், பச்சை உடம்போடு சென்னைக்குப் போய் உரிமையியல் நீதிபதி தேர்வை எழுதினார். ஏலகிரியில் பள்ளிப்படிப்பை முடித்த மலையாளிப் பழங்குடிப் பெண். தேறியபோது வயது 23. 2024 பிப்ரவரியில் செய்தி வந்ததும் ஊரே அவருடைய உறுதியைப் புகழ்ந்தது. எனக்கும் நெஞ்சு நிறைந்தது. கூடவே ஒரு கேள்வியும் வந்தது: பெற்றவளிடம் ஒரு தேர்வு இவ்வளவு கேட்கலாமா?

தேர்வு கேட்கும் விலை பற்றிய இந்தக் கேள்வி பழையது. படித்தவனே ஆள வேண்டும் என்று சீனப் பேரரசு ஏறத்தாழ 1300 ஆண்டுகள், 1905 வரை, தேர்வு வைத்து அதிகாரிகளைத் தேர்ந்தெடுத்தது. பிறப்பைவிடப் படிப்பு பெரிது என்ற அந்த எண்ணத்தை நான் வணங்குகிறேன். உழவன் மகனும் எழுதலாம் என்றார்கள். ஆனால் வளர்ந்த மகனை வயலில் இறக்காமல் வருடக்கணக்கில் படிக்கவைக்க எத்தனை உழவர்களால் முடிந்திருக்கும்? பெண்களுக்கோ அந்த வாசலே இல்லை.

தேறிய பிறகு என்ன செய்தார்கள் என்பதுதான் எனக்கு முக்கியம். கவிஞர் சு ஷி 1057இல் தேறினார். அரசைக் குறை சொல்லும் கவிதைகள் எழுதினார் என்று 1079இல் சிறைவைத்தார்கள், பிறகு ஹுவாங்சோவுக்கு அனுப்பினார்கள். கையில் அதிகாரம் இல்லாத அந்தக் காலத்தில்தான், வறுமையால் சிசுக்களைக் கொல்லும் வழக்கத்தைத் தடுக்க அவர் பணம் திரட்டினார். பின்னாளில் ஹாங்சோவில் பதவி வந்தபோது மேற்கு ஏரியைத் தூர்வாரி, அள்ளிய சேற்றைக்கொண்டே கரை எழுப்பினார். அவர் எழுதித் தேறிய விடைத்தாளைவிட அந்தக் கரை உயர்ந்தது.

ஸ்ரீபதி தேறியது சட்டத்தின் பதவிக்கு. அவருடைய ஜவ்வாது மலைக்கு அந்தச் சட்டம் எந்த முகத்தோடு வந்திருக்கிறது? 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் ஆந்திரக் காவல்துறை சுட்டதில் இறந்த 20 பேரில் இந்த மலைக்காரர்களும் உண்டு. செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்றது காவல்துறை, கூலிக்குப் போனவர்கள் என்றன குடும்பங்கள். அந்த 20 பேரும் எந்த நீதிபதி முன்னும் தங்கள் தரப்பைச் சொல்ல முடியாமலே இறந்தார்கள். அப்படிப்பட்ட மலையிலிருந்து ஒருவர் நீதிபதி பதவிக்குத் தேர்வாகியிருக்கிறார்.

அவரைக் கொண்டாடுவதோடு நாம் நின்றுவிடக் கூடாது. மலையின் உண்டு உறைவிடப் பள்ளிகளில் எல்லாப் பாடத்துக்கும் ஆசிரியர் இருக்கட்டும். தேர்வு மையம் மலையடிவாரத்துக்கு வரட்டும். பேறுகாலத்தில் இருக்கும் பெண்ணுக்கு இன்னொரு தேதி கொடுங்கள்.