காரணம் அறிந்தால் சோகம் தீருமா?

துக்கத்தின் காரணத்தை அறிந்துகொண்டால் துக்கம் நீங்கிவிடும் என்னும் நம்பிக்கை நம் தத்துவ நூல்களிலும் உண்டு. துப்பறியும் கதைகளிலும் உண்டு. அஞ்ஞானமே துயரின் மூலம், ஞானமே அதற்கு மருந்து என்று வேதாந்தி சொல்வதும், கொலைகாரன் யார் என்பது கடைசி அத்தியாயத்தில் வெளிப்பட்டவுடன் வாசகன் நிம்மதியாகப் புத்தகத்தை மூடிவைப்பதும், பார்வைக்கு ஒன்றுக்கொன்று எவ்வளவு தொலைவானவையாகத் தோன்றினாலும், ஒரே ஆசையிலிருந்து பிறந்தவைதாம். ஆனால் ஆத்மாவைப் பற்றிய அறியாமை நீங்குவது வேறு. அன்புக்குரிய ஒருத்தியைக் கொன்றவன் இன்னான் என்று தெரிந்துகொள்வது வேறு. இந்த இரண்டாவது வகை அறிவு மனிதனுக்குச் சாந்தி தருமா என்னும் வினாவை, ஜனங்களைச் சிரிக்கவைப்பதற்கென்றே எடுக்கப்பட்ட ஓர் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரின் முடிவு மிகுந்த நிதானத்தோடு எழுப்புகிறது.

2002 முதல் 2009 வரை எட்டுப் பருவங்களில் 125 பகுதிகளாக வெளிவந்த ‘மாங்க்’ என்னும் அத்தொடரின் நாயகர் ஏட்ரியன் மாங்க், ஸான் பிரான்ஸிஸ்கோ போலீஸில் துப்பறிவாளராக இருந்தவர். 1997 டிசம்பர் 14 அன்று அவருடைய மனைவி ட்ரூடி, காரில் வைக்கப்பட்ட வெடிகுண்டுக்குப் பலியானாள். அந்த அதிர்ச்சியில் அவருடைய சித்தம் நிலைகுலைந்தது, உத்தியோகமும் போயிற்று. கிருமி, உயரம், ஜனக்கூட்டம் ஆகியவற்றுக்குப் பயம். பாலைக் கண்டாலும் பயம். யாரேனும் கைகுலுக்கினால் உடனே கையைத் துடைத்தாக வேண்டும்; சுவரில் படம் சற்றுக் கோணியிருந்தால் அதை நேராக்காமல் பேச்சைத் தொடர இயலாது. இவற்றையெல்லாம் டோனி ஷலூப் நடித்துக் காட்டும்போது சிரிக்காதிருப்பது அரிது. ஆயினும் ஒழுங்கு குலைந்த எதையும் பொறுக்காத அந்தக் கண்களே பிறர் காணாத தடயங்களையும் காண்கின்றன. ஊரார் வழக்குகளையெல்லாம் தீர்த்துவைக்கிறவரால் தம் மனைவியின் வழக்கை மட்டும் தீர்க்க முடியவில்லை என்பதே, அத்தனை ஆண்டுகளாக அந்த ஹாஸ்யத்தின் அடியில் ஓடிய சோகம்.

2009 நவம்பர் 27, டிசம்பர் 4 ஆகிய இரு நாட்களில் ஒளிபரப்பான இறுதிக் கதையில், தூய்மைக்காக அவர் ஓயாமல் உபயோகித்துவந்த ஈரத் துடைப்புத் தாளிலேயே நஞ்சு கலக்கப்படுகிறது. இன்னும் சில நாட்களே ஆயுள் என்று மருத்துவர்கள் கைவிரித்துவிட்ட நிலையில், ட்ரூடி கிறிஸ்துமஸுக்கென்று கட்டிவைத்துவிட்டுப் போன பரிசை, பன்னிரண்டு ஆண்டுகளாகத் தாம் பிரிக்காமலே போற்றிவந்த பரிசை, மாங்க் பிரிக்கிறார். உள்ளே இருப்பது ஒரு வீடியோ நாடா. தனக்கு ஆபத்து நேரக்கூடும் என்று ஐயுற்ற ட்ரூடி அதில் பேசுகிறாள். முன்னொரு காலத்தில் சட்டப் பேராசிரியர் ஈதன் ரிக்கோவரோடு தனக்கு இருந்த உறவையும், பிறந்த சில நிமிஷங்களில் இறந்துவிட்டதாகத் தன்னிடம் சொல்லப்பட்ட குழந்தையையும் பற்றி அவள் சொல்கிறாள். அந்த ரிக்கோவர் பின்னர் நீதிபதியானவர். பழைய இரகசியம் வெளிப்பட்டால் தம் பதவிக்குக் கேடு என்று, பிரசவம் பார்த்த மருத்துவச்சியையும் ட்ரூடியையும் மாய்த்தவர் அவரே.

தேடிய விடை தேடியவரின் வீட்டுக்குள்ளேயே இருந்தது என்பதைக் கதாசிரியரின் சாமர்த்தியம் என்று மட்டும் எண்ணிவிடலாகாது. பரிசைப் பிரித்துவிட்டால் ட்ரூடியிடமிருந்து இனி வருவதற்கு ஒன்றுமில்லை என்றாகிவிடும். பிரிக்காதவரையில் அவள் இன்னும் கொடுத்துக்கொண்டே இருக்கிறாள். ஆகவே மாங்க் அதைப் பூஜைப்பொருளாக வைத்துக்கொண்டார். அன்பு பற்றாக மாறும் இடம் இதுதான். அன்பு மற்றவர் சொல்ல விரும்புவதைக் கேட்க விழைகிறது. பற்றோ மற்றவரை மௌனமாகவே வைத்துப் பாதுகாக்கிறது. உண்மையைக் கண்டறிவதையே தொழிலாகக் கொண்ட ஒருவர், தம் உயிருக்குயிரானவள் விட்டுச்சென்ற உண்மைக்குத் தாமே காவலிருந்து அதை வெளிவராமல் தடுத்தார். சோகம் நீங்க வேண்டும் என்று நாம் பிரார்த்திக்கும் அதே வேளையில், அது நீங்கிவிடுமோ என்றும் உள்ளூர அஞ்சுகிறோம் அல்லவா?

சரி, உண்மை வெளிவந்தது. அதனால் துயர் தீர்ந்ததா? பாரத யுத்தம் முடிந்து இறந்தோருக்கு நீர்க்கடன் செலுத்தும் வேளையில், கர்ணன் தன் தமையன் என்று தருமபுத்திரன் அறிகிறான்; அந்த அறிவு அவனுடைய துக்கத்தை ஆயிரம் மடங்காக்கிற்றேயன்றிக் குறைக்கவில்லை. மாங்குக்கும் அப்படியே: மனைவி தம்மிடம் சொல்லாமல் வைத்திருந்த ஒரு வாழ்க்கை இருந்தது என்பது புதிய காயமாகிறது. தண்டனையாவது ஆறுதல் தருமா? தன் தவற்றை உணர்ந்த பாண்டியன் அரியணையிலேயே உயிர் நீத்த பின்பும் கண்ணகியின் சினம் தணியவில்லை, மதுரை எரிந்தது. ரிக்கோவரும், தாம் புதைத்த மருத்துவச்சியின் உடலைப் போலீஸார் தம் தோட்டத்தில் தோண்டி எடுக்கும்போது, தம்மைத் தாமே சுட்டுக்கொண்டு இறக்கிறார். கணக்கு நேராயிற்று, ஆனால் ட்ரூடி திரும்பிவரவில்லை. குற்றத்துக்குத் தண்டனை தருவது சமூகத்தின் தர்மம். அது சோகத்துக்கு மருந்து என்று எந்த நீதிமன்றமும் உறுதி கூற இயலாது.

சாவதற்கு முன் ரிக்கோவர், ‘அவளைப் பார்த்துக்கொள்ளுங்கள்’ என்று மாங்கிடம் சொல்கிறார். அவள் ட்ரூடியின் மகள். இறந்ததாகச் சொல்லப்பட்ட குழந்தை உயிரோடிருந்தாள். வேறொரு குடும்பத்தில் சுவீகாரமாக வளர்ந்து, மாலி என்னும் பெயரோடு, பத்திரிகையில் சினிமா விமர்சனம் எழுதிக்கொண்டிருந்தாள். நஞ்சிலிருந்து பிழைத்த மாங்க் அவளைச் சந்திக்கிறார். இங்கேதான் கதை உயர்ந்த தளத்தை எட்டுகிறது. மாலி அவருடைய இரத்தம் அல்ல. ட்ரூடியின் மகள் மட்டுமல்லாமல் ட்ரூடியைக் கொன்றவரின் மகளுமாவாள். பழிவாங்கும் மனம் அவளிடம் கொலைகாரனின் சாயலைத் தேடியிருக்கும்; பற்றில் ஊறிய மனம் இறந்தவளின் நகலைத் தேடியிருக்கும். மாங்க் இரண்டையும் தேடவில்லை. அவளை அவளாகவே ஏற்றுக்கொள்கிறார். வேலையை விட்டுவிடலாமா என்று எண்ணியவர், அவள் சொல்லுக்கு இசைந்து மீண்டும் வழக்குகளைத் தேடிப் போகிறார். மகாபாரதமும் குருக்ஷேத்திரத்தோடு நின்றுவிடவில்லை. உயிரற்றுப் பிறந்த பரீக்ஷித்து கண்ணனருளால் கண்விழிக்கிறான். இறந்தவர்களுக்கு ஈடாக அல்ல, இருப்பவர்களுக்கு ஒரு கடமையாகவே அவன் வருகிறான்.

எல்லோருக்கும் இப்படி ஒரு மகள் கிடைத்துவிடுவாளா, இது கதையின் சௌகரியம் அல்லவா என்று கேட்கலாம். கேள்வி நியாயமானதே. அன்றியும், 2023-இல் வெளிவந்த திரைப்படம், அதே மாங்க் மறுபடியும் உயிரை வெறுக்கும் அளவுக்கு இருளில் ஆழ்ந்திருப்பதைக் காட்டுகிறது. ஆகவே சோகம் ஒரேயடியாக ஒழிந்துவிட்டது என்று யாரும் சாதிக்க வேண்டியதில்லை. ஆனால் அப்போதும் அவரை எழுப்பி நடக்கச் செய்வது, மாலியின் மணமகன் இறந்த மர்மத்தை அவளுக்காகத் துலக்க வேண்டிய பொறுப்பே. காரணத்தை அறிவதால் கேள்வி தீரும். தண்டனையால் கணக்குத் தீரும். சோகமோ, உயிரோடிருக்கும் ஒருவருக்கு நாம் கடமைப்பட்டிருக்கிறோம் என்று உணரும்போதுதான் தாங்கத்தக்கதாகிறது. அந்த ஒருவர் இரத்த உறவாக இருந்தாக வேண்டும் என்று எந்த தர்மமும் விதிக்கவில்லை.