அத்தைகளுக்குப் பின்னால் ஓர் ஆறு

எங்கள் வீட்டில் 1981ஆம் ஆண்டு காணும் பொங்கலன்று எடுத்த கறுப்பு வெள்ளைப் படம் ஒன்று இருக்கிறது. கமண்டல நாக நதியில் கணுக்கால் அளவுத் தண்ணீரில் பாட்டியும் மூன்று அத்தைகளும் வரிசையாக நிற்கிறார்கள். எடுத்தவரின் கண் முழுதும் எங்கள் தறியில் இறங்கிய சேலைகள் மீது இருந்திருக்கும். என் கண் இப்போது அவர்களைத் தாண்டிப் போகிறது. பின்னால் ஆள் உயர நாணல், வெள்ளை மணல்திட்டு, திட்டின் ஓரத்தில் ஒற்றைக் கொக்கு. ஆற்றைப் படம் எடுக்க வேண்டும் என்று அன்று யாருக்கும் தோன்றவில்லை. அது அங்கேயே இருக்கப் போகிற ஒன்று என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

இன்று அதே இடத்தில் நாணல் இல்லை, சீமைக் கருவேலம் இருக்கிறது. திட்டு இருந்த இடம் பள்ளமாகக் கிடக்கிறது. ஜவ்வாது மலையில் நல்ல மழை பெய்தால் தண்ணீர் படவேடு வழியாக எங்கள் ஆரணிக்கு வருகிறது, சில வாரம் நிற்கிறது, போய்விடுகிறது. இந்த மாற்றம் எந்த ஆண்டு தொடங்கியது என்று என்னைக் கேட்டால் பதில் இல்லை. ஆற்றிலிருந்து ஒரு கூப்பிடு தூரத்தில் வாழ்ந்தும், கல்யாணமும் சேலையும் படமெடுத்தே முப்பது வருடம் பிழைத்தும், எனக்குத் தெரியவில்லை. இது என்னை வெகுநாளாக உறுத்துகிறது.

போன மாதம் அக்கா மகன் வந்து உட்கார்ந்தான். "மாமா, வேலையை விட்டுட்டு இயற்கைப் படம் எடுக்கப் போறேன். முதுமலை, காசிரங்கா எல்லாம் போகணும். பெரிய லென்ஸ் ஒண்ணு வேணும்" என்றான். அதை வைத்துச் சாப்பிட முடியுமா என்று அக்கா என்னைக் கேட்கச் சொன்னாள். எனக்கு வேறு ஒரு கேள்வி வந்தது: எதைப் பார்ப்பதற்காக ஒரு மனிதன் தன் ஆயுளைக் கொடுக்கலாம்?

அவனுக்கு மா.கிருஷ்ணனைப் பற்றிச் சொன்னேன். 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ.மாதவையாவின் மகன், 1912இல் திருநெல்வேலியில் பிறந்தவர். காட்டுக்குள் நடந்து போய், யானையையும் காட்டெருமையையும் கறுப்பு வெள்ளையில் மட்டுமே எடுத்தவர். வெவ்வேறு கேமராக்களின் பாகங்களைச் சேர்த்துத் தானே ஒரு கேமராவைக் கட்டிக்கொண்டார். இதெல்லாம் அவனுக்குப் பிடித்திருந்தது. எனக்குப் பெரிதாகத் தெரிவது இன்னொன்று. 1950 முதல் 1996இல் இறக்கும்வரை, நாற்பத்தாறு ஆண்டுகள், கல்கத்தாவின் 'ஸ்டேட்ஸ்மன்' நாளிதழில் அவர் ஒரு பத்தி எழுதினார். காட்டு விலங்குகள் மட்டுமல்ல, அணிலும் காகமும்கூட அதில் வந்தன. வீட்டு வாசலில் வருவதையும் காட்டில் திரிவதையும் ஒரே கவனத்தோடு பார்த்தார். நம் மண்ணுக்குரிய மரஞ்செடிகள் இருக்க வேண்டிய இடத்தில் அயல் மரங்களை நடுவதை விடாமல் எதிர்த்தார். தீபகற்ப இந்தியாவின் பெரிய பாலூட்டிகளைப் பற்றி அவர் செய்த ஆய்வை பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் 1975இல் நூலாக்கியது. அதன் தலைப்பிலேயே 1959 முதல் 1970 வரை என்று ஆண்டு இருக்கிறது. இந்த ஆண்டுகளில் இது இப்படி இருந்தது என்று ஒருவர் எழுதி வைத்துவிட்டால், பின்னால் வருகிறவன் எது குறைந்தது, எது கூடியது என்று சொல்ல முடியும். என் ஆற்றுக்கு அப்படி ஒரு தலைப்பு கிடையாது.

இப்படி விடாமல் பார்ப்பதன் அருமை தறிக்காரர் வீட்டில் பிறந்தவனுக்கு எளிதாகப் புரியும். பாவில் ஆயிரக்கணக்கான இழைகள் ஓடுகின்றன. ஒன்று அறுந்தால் அப்பாவின் கை உடனே நின்றுவிடும், குனிந்து முடிபோட்டுவிட்டுத்தான் அடுத்த நாடாவை விடுவார். பார்க்கத் தவறிய இழை சேலை நீளத்துக்கும் கோடாக ஓடும். அப்பா அதற்காகத் தனியாக உற்றுப் பார்த்ததில்லை. தினமும் அதே குழியில், அதே பாவின் முன்னால் உட்கார்ந்திருந்தார், அதனால் தெரிந்தது.

ஆறு மாறியதைச் சொல்லும்போது அதில் எங்கள் பங்கையும் சொல்ல வேண்டும். கச்சாப் பட்டின் எடையில் ஏறத்தாழக் கால்பங்கு பசை. சோப்பும் சோடாவும் போட்டுக் கொதிக்கவைத்து அதை நீக்கினால்தான் பட்டு மினுக்கும், சாயம் பிடிக்கும். எங்கள் வீட்டுப் பின்கட்டில் அந்தத் தண்ணீரையும் சாயத் தண்ணீரையும் வாய்க்காலில்தான் ஊற்றினோம். அரக்குச் சேலை போட்ட வாரம் வாய்க்கால் அரக்காக ஓடும். சின்ன வயதில் அதை வேடிக்கை பார்த்திருக்கிறேன். அதையும் யாரும் படம் எடுத்து வைக்கவில்லை.

அக்கா மகனுக்கு இன்னொரு படக்காரரைப் பற்றியும் சொன்னேன். பிரேசில் நாட்டு செபஸ்தியாவோ சல்காதோ ருவாண்டா படுகொலைகளைப் படமெடுத்துவிட்டு உடலும் மனமும் நொறுங்கி ஊர் திரும்பினார். அப்பாவின் மாட்டுப் பண்ணை பொட்டலாகக் கிடந்தது. மரம் நடலாம் என்றவர் மனைவி லேலியா. 1998இல் இருவரும் ஓர் அமைப்பைத் தொடங்கினார்கள், இருபது லட்சத்துக்கும் மேல் மரங்கள் நட்டார்கள். அதற்குப் பிறகுதான் அவர் மறுபடி உலகத்தைச் சுற்றி இயற்கையைப் படமெடுத்தார். காசிரங்காவுக்குப் போவது தப்பு என்று அக்கா மகனிடம் நான் சொல்லவில்லை. முதலில் இங்கே ஒரு வருடம் என்று கேட்டுக்கொண்டேன்.

கையில் இருக்கிற கேமரா போதும். தமிழ் மாதம் முதல் தேதி, காலை ஏழு மணி, பாட்டி நின்ற அதே இடம். தண்ணீர் இருந்தாலும் எடு, இல்லாவிட்டாலும் எடு. அழகாக இல்லை என்று ஒரு மாதத்தையும் விட்டுவிடாதே. இதில் காசு வராது, அதை அக்காவிடமும் மறைக்காமல் சொன்னேன். வருமானத்துக்கு என்னோடு முகூர்த்த நாட்களில் கல்யாண வேலைக்கு வரச் சம்மதித்திருக்கிறான். ஆவணி ஒன்றாம் தேதி முதல் படம் எடுத்தோம். மணலில் பாதி புதைந்த ஒரு குடமும் இரண்டு மைனாவும் அதில் விழுந்திருக்கின்றன.

ஆரணியிலோ படவேட்டிலோ செய்யாற்றங்கரையிலோ இருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பழைய ஆல்பத்தில் யாருடைய முதுகுக்குப் பின்னாலாவது ஆறோ ஏரியோ தெரிந்தால், அந்தப் படத்தைத் தூக்கிப் போடாதீர்கள். வீட்டுப் பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு, பின்பக்கம் இடத்தின் பெயரையும் ஆண்டையும் பென்சிலால் எழுதி வையுங்கள்.