சேனைக் காவல்



வாழைச்சேனை என்ற பெயரை ஆயிரம் முறை உச்சரித்திருப்போம். அதிலுள்ள 'சேனை' எது என்று எண்ணிப் பார்த்ததுண்டா? பழைய ஏற்பாட்டில் 'சேனைகளின் ஆண்டவர்' என்று கேட்டுப் பழகிய நமக்குப் படையும் வாளும்தான் கண்முன் வரும். ஆனால் நம் கிழக்குக் கரையில் சேனை என்றால் காடு வெட்டிப் பயிரிட்ட நிலம். சோளமும் கச்சானும் விளையும் மேட்டுநிலம். அங்கே வாளுக்கு வேலை இல்லை. வேலி கட்டவேண்டும், இரவிலே பரண்மீது கண்விழித்திருக்க வேண்டும். இல்லையேல் விடிவதற்குள் காட்டுப்பன்றி தன் அறுவடையை முடித்துக்கொண்டு போய்விடும்.

ஞானப் போராட்டம் என்று நாம் பெரிதாகப் பேசுவது இந்தச் சேனைக் காவலைத்தான். நாமோ வாள் பிடிக்கும் சேனையையே தேடி ஓடுகிறோம்.

வீட்டிலே சண்டையா? செய்வினை. பிள்ளை சோதனையில் கோட்டை விட்டானா? கண்ணூறு. உடனே வான் பிடித்துக் குணமாக்கும் கூட்டத்துக்குப் புறப்படுகிறோம். அங்கே ஒலிபெருக்கியில் பசாசை அதட்டுகிறார்கள். பசாசுக்குக் காது மந்தம் என்று எந்தத் திருமறைநூலும் சொல்லவில்லை. ஆரவாரம் முடிந்து திரும்பும்போது யன்னலோர ஆசனம் யாருக்கு என்று வானுக்குள் சண்டை. துரத்தப்பட்டவன் நமக்கு முன்னரே ஏறி அமர்ந்துவிட்டான்!

பசாசு கட்டுக்கதை என்று நான் சொல்லவில்லை. அது உண்டு என்பது திருச்சபையின் போதனை. ஆனால் 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பில் 1172ஆம் சட்டத்தைப் பாருங்கள். ஆயரின் தனிப்பட்ட, வெளிப்படையான அனுமதியின்றி, பேய் பிடித்தவர்மீது எவரும் பேயோட்டக் கூடாது என்கிறது. அகந்தையை ஓட்டுவதற்கோ ஆயரின் அனுமதி தேவையில்லை. ஆயினும் அதற்கு விண்ணப்பிப்பவர் குறைவு.

"துறவிகளாகிய உங்கள் வீடுகளில் எப்படி, சுவாமி?" என்று கேட்பீர்கள். கேட்கவேண்டிய கேள்விதான்.

மட்டக்களப்பார் வந்தவரைப் பாயோடு ஒட்டவைப்பார்கள் என்று ஊரார் சொல்வார்கள். அந்த வித்தையைப் பசாசு எகிப்திலேயே கற்றுவிட்டது. அந்தப் பாலைவனத்தில் வாழ்ந்து 399இல் மறைந்த துறவி எவாகிரியுஸ் நண்பகல் பசாசைப் பற்றி எழுதியிருக்கிறார். அது வந்தால் துறவிக்குப் பொழுது நகராது. சாப்பாட்டு நேரம் ஆயிற்றா என்று அடிக்கடி சூரியனைப் பார்ப்பார். யாராவது சகோதரர் பேச்சுக்கு வருகிறாரா என்று வெளியே எட்டிப் பார்ப்பார். இன்று நாங்கள் சூரியனைப் பார்ப்பதில்லை. கையிலே தொலைபேசி இருக்கிறது; பசாசின் வேலை சுலபமாகிவிட்டது.

மடங்களிலே கொம்பு முளைத்த பசாசு வருவதில்லை. களஞ்சிய அறைத் திறப்பு எந்தச் சகோதரியிடம் இருப்பது என்ற வடிவில் வருகிறது. திருநாள் அறிவித்தலில் என் பெயர் ஏன் சிறிய எழுத்தில் என்ற வடிவில் வருகிறது. கோவில் சபையிலோ, கொடியேற்றும் கயிற்றை முதலில் பிடிப்பது யார் என்ற வடிவில் வருகிறது. பிறகு ஆயருக்குப் பெட்டிசம் பறக்கும். வாழைச்சேனையில் 1950களில் எழுந்த காகித ஆலை வைக்கோலைக் கடதாசியாக்கியது. வைக்கோல் அளவு மனத்தாங்கலைப் பெட்டிசமாக்கும் ஆலை அதற்கும் மூத்தது. அங்கே ஒருநாளும் வேலைநிறுத்தம் இல்லை.

1521இல் பம்ப்லோனாக் கோட்டைப் போரில் கால் முறிந்த வீரர் புனித இஞ்ஞாசியார். சண்டையை அறிந்தவர். பகைவன் ஒரு தளபதியைப் போலக் கோட்டையைச் சுற்றிவந்து, எங்கே பலவீனமோ அங்கேதான் தாக்குவான் என்று தமது ஞானப் பயிற்சி நூலில் எச்சரிக்கிறார். நம் சேனைக்காரனும் இதைத்தான் சொல்வான்: பன்றி வேலி அறுந்த இடத்தாலேதான் நுழையும். நம்மிற் பலர் செய்யும் தவறு என்ன? அடுத்தவன் சேனைக்குப் பரண் கட்டி அங்கே காவல் இருக்கிறோம்! அவன் வேலியில் எத்தனை ஓட்டை என்று நமக்கு மனப்பாடம். எபேசியருக்கு எழுதிய திருமுகத்தின் 6ஆம் அதிகாரத்தில் புனித சின்னப்பர் படைக்கலங்களை வரிசையாகச் சொல்கிறார். கச்சை உண்டு, கேடயம் உண்டு, தலைச்சீரா உண்டு. அயலவன் குற்றம் பார்க்கும் தொலைநோக்கி அதிலே இல்லை.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு பங்கிலே, மோட்டார் சைக்கிள் திறப்பு ஒன்றுக்காக என் உதவிக் குருவோடு மூன்று கிழமை பேசாதிருந்தேன். அந்த மூன்று ஞாயிறும் மன்னிப்பைப் பற்றியே பிரசங்கித்தேன். நல்ல பிரசங்கம் என்று சனங்களும் சொன்னார்கள். மூன்றாம் ஞாயிறு பூசை முடிந்ததும் ஒரு முதிய தாய் வந்து, "சின்னச் சுவாமிக்குக் காய்ச்சலாமே, கஞ்சி கொண்டுவரட்டோ?" என்று கேட்டார். இரண்டு நாளாக அடுத்த அறையில் காய்ச்சலோடு கிடந்தவரை நான் அறியவில்லை. ஊருக்கெல்லாம் பரண் கட்டியவனின் சேனை அழிந்து கிடந்தது. அன்று கஞ்சிக் கோப்பையை நானே தூக்கிக்கொண்டு போனேன். ஆறு அடி தூரம்தான். அவ்வளவு நீளமான பயணத்தை நான் அதற்கு முன் செய்ததில்லை.

குழந்தை தெரேசம்மாள் இதை 24 வயதுக்குள் கற்றுவிட்டார். தியான நேரத்தில் பின்னாலிருந்து ஓயாமல் சத்தம் செய்யும் ஒரு சகோதரி; துணி துவைக்கும்போது அழுக்குத் தண்ணீரை இவர் முகத்திலே தெறிக்கவிடும் இன்னொருவர். திரும்பி ஒரு முறை முறைத்தால் போதும், சத்தம் நின்றிருக்கும். அவர் திரும்பவில்லை. அதுவே அவருடைய போர்க்களம். அந்தப் பெண்ணைத்தான் 1997இல் திருச்சபை மறைவல்லுநராக உயர்த்தியது.

வாழைச்சேனையைப் பற்றிப் பேசும்போது ஒரு பெயரைச் சொல்லாமல் முடிக்கலாகாது. 1990 ஜூனில் மீண்டும் போர் மூண்டது. அவ்வாண்டு ஆகஸ்ட் 15, மரியன்னையின் விண்ணேற்புத் திருநாள். அன்று வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குத் திரும்பிக்கொண்டிருந்த இயேசு சபைக் குரு யூஜின் ஹேபியர் அடிகளார் வழியிலே காணாமற்போனார். உடன் சென்ற தமிழ் இளைஞரும் காணாமற்போனார். இருவரும் திரும்பவே இல்லை. அமெரிக்காவின் லூசியானாவில் பிறந்து, நம் பிள்ளைகளுக்குக் கூடைப்பந்து பழக்கி, வாழ்நாளை இங்கேயே செலவழித்தவர் அவர். அந்த நாட்களில் அந்த வீதியில் இறங்குவது என்னவென்று நம்மில் மூத்தவர்களுக்குத் தெரியும். அறையிலே இருந்திருக்கலாம், இருக்கவில்லை.

அப்படியொரு நாளுக்குரிய துணிவு அன்று காலையில் வானத்திலிருந்து விழுவதில்லை. யாரும் பாராத ஆயிரம் நாட்களில், தன்னலத்தோடு சத்தமில்லாமல் போராடியே அது விளைகிறது. திறப்புக்காகச் சண்டை பிடிக்கிற கை, ஆபத்து நாளில் அடுத்தவனைத் தூக்கிவிட நீளுமா?

ஆகையால், அன்பர்களே, இன்றிரவு செபமாலை முடிந்ததும் விளக்கை அணைக்குமுன் ஒரு நிமிடம் உங்கள் வேலியைச் சுற்றி வாருங்கள். நீங்கள் பேசாதிருக்கும் ஒருவரின் பெயர் நினைவுக்கு வரும். அதுதான் வேலி அறுந்த இடம். ஆண்டவர் கற்பித்த செபத்தின் கடைசி மன்றாட்டை அந்தப் பெயரோடு சேர்த்துச் சொல்லுங்கள். விடிந்ததும் கஞ்சியோ தேநீரோ எடுத்துக்கொண்டு அந்த வீட்டுப் படியேறுங்கள்.

பசாசு ஒலிபெருக்கிக்குப் பயப்படுவதில்லை. அந்தக் கோப்பைக்குப் பயப்படும்.