இன்மையை அறியும் வழி

ஹோம் அசிஸ்டன்ட் என்னும் வீட்டுத் தானியக்க மென்பொருளில் ஒவ்வொரு கருவிக்கும் ஒரு நிலை உண்டு. அந்நிலையோடு சேர்ந்த பண்புகளும் உண்டு. பண்புகள் ஒரு டிக்‌ஷனரியில், பெயரும் மதிப்புமாக இணைந்த பதிவுகளாக வைக்கப்படுகின்றன. இவற்றை வாசித்து அறிவிப்பு அனுப்ப எழுதப்படும் டெம்ப்ளேட்டுகள் ஜின்ஜா என்னும் மொழியில் அமைகின்றன. அதன் ஃபார் லூப், டிக்‌ஷனரியின் பதிவுகளை ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துப் பெயரையும் மதிப்பையும் தரவல்லது. உள்ளவை அனைத்தும் இந்தச் சுற்றில் வந்துவிடும். இல்லாதது வராது. இல்லாத ஒன்றை அறிவு எவ்வாறு பற்றுகிறது என்பது இந்தியத் தருக்க நூல்கள் பல நூற்றாண்டுகள் வாதிட்ட கேள்வி. வீட்டு டெம்ப்ளேட் ஒன்றை ஒழுங்காக எழுதுவதற்கும் அக்கேள்விக்கு விடை தேவைப்படுகிறது.

வாசற்கதவு, கொல்லைக்கதவு, மாடிச் சன்னல் மூன்றிலும் சென்சார் பொருத்திய வீடு ஒன்றைக் கொள்ளலாம். இரவில் ஓடும் டெம்ப்ளேட், அமைப்பில் உள்ள கதவு, சன்னல் சென்சார்களையெல்லாம் சுற்றி வந்து, ‘ஆன்’ என்ற நிலையில் உள்ளவற்றை மட்டும் திறந்தவை என்று பட்டியலிடுகிறது. ஜின்ஜாவில் லூப்புக்கு ‘எல்ஸ்’ பகுதி ஒன்று சேர்க்கலாம். சுற்றுவதற்கு ஒரு பதிவும் கிடைக்காதபோது அது இயங்கும். அங்கே ‘எல்லாம் மூடியிருக்கிறது’ என்று எழுதப்பட்டிருக்கிறது. மாடிச் சன்னல் சென்சாரின் பேட்டரி தீர்ந்துவிட்டால் அதன் நிலை ‘அன்அவைலபிள்’ ஆகிறது. அது ‘ஆன்’ ஆகாததால் வடிகட்டலில் விழுந்துவிடுகிறது. சென்சாரே அமைப்பிலிருந்து நீக்கப்பட்டிருந்தால் லூப் அதைத் தொடுவதேயில்லை. சன்னல் உண்மையில் மூடியிருக்கும் இரவிலும், இவ்விரண்டு இரவுகளிலும் வீட்டாருக்கு வரும் செய்தி ஒன்றே. உறங்கப் போகிறவர் அதை நம்பித்தான் விளக்கை அணைக்கிறார்.

இன்மையை ஆராய்ந்த தருக்க மரபினருள் வைசேடிகர் முதலில் பொருள், குணம், தொழில், பொது, சிறப்பு, ஒற்றுமை என ஆறு பதார்த்தங்களையே, அதாவது அடிப்படை வகைகளையே, எண்ணினர். பின்வந்தோர் ஏழாவதாக அபாவத்தை, அதாவது இன்மையை, சேர்த்தனர். இந்த ஏழையும் சுருக்கமாக விளக்கும் அன்னம்பட்டரின் தர்க்க சங்கிரகத்தைச் சிவஞான முனிவர் 18ஆம் நூற்றாண்டில் தமிழாக்கினார். அம்மரபில் இன்மை நான்கு வகை: குடம் வனையப்படுமுன் உள்ள முன்னின்மை, உடைந்தபின் உள்ள அழிவுபாட்டின்மை, காற்றில் நிறம் இல்லாததுபோன்ற என்றுமின்மை, குடம் துணியன்று என்பதுபோல் ஒன்றில் மற்றொன்றின் தன்மை இல்லாத ஒன்றினொன்றின்மை.

எவ்வகையாயினும் இன்மை தனியே நிற்பதில்லை என்பது இவர்கள் கொள்கை. அது எதனுடைய இன்மை என்பதற்கு ஒரு பிரதியோகி வேண்டும். எங்கே இன்மை என்பதற்கு ஓர் இடம் வேண்டும். குடத்தை அறியாதவர் தரையைப் பார்த்துக் குடம் இல்லை என்று சொல்ல முடியாது. டிக்‌ஷனரியிலும் அப்படியே. ‘பேட்டரி என்னும் பெயர் இதில் உண்டா’ என்று பெயர் சொல்லிக் கேட்டால்தான் ‘இல்லை’ என்ற விடை பிறக்கும். எத்தனை முறை சுற்றினாலும் லூப் அந்த விடையைத் தானாகக் கொண்டுவராது.

இன்மை அறியப்படும் வழியில் மரபுகள் பிரிந்தன. வெறுந்தரையைக் காணும் கண்ணே குடத்தின் இன்மையையும் காண்கிறது என்றனர் நியாய மரபினரான நையாயிகர். மீமாஞ்சகரான குமாரிலர் அதற்கெனத் தனி அளவையை, அதாவது அறியும் வழியை, ஏற்றார்; பிரபாகரரோ இன்மை என வேறொன்றில்லை, வெறுந்தரையே உள்ளது என்றார். தமிழ் நூல்களும் இவ்விவாதத்தை அறிந்தவை. மணிமேகலையின் சமயக்கணக்கர் பகுதி எண்ணும் அளவைகளில் அபாவமும் ஒன்று. சிவஞான சித்தியாரும் அதை எண்ணி, எல்லா அளவைகளையும் காண்டல், கருதல், உரை என்னும் மூன்றில் அடக்குகிறது.

இவ்வளவு வேறுபாட்டுக்கிடையிலும் பெரும்பாலோர் ஏற்ற நிபந்தனை ஒன்று உண்டு. பௌத்தரான தருமகீர்த்தியும் வேறு சொற்களில் அதையே வலியுறுத்தினார். இருந்தால் கட்டாயம் தெரிந்திருக்கும் என்ற நிலையில் உள்ள பொருள் தெரியாதபோதுதான் அது இல்லை என்று துணியலாம். பட்டப்பகலில் தரையில் குடம் தெரியவில்லை என்றால் குடம் இல்லை. இருட்டில் தெரியவில்லை என்றால் அதிலிருந்து எதுவும் பெறப்படாது. பேட்டரி தீர்ந்த சென்சார் இருட்டில் நிற்கும் கண். திறந்த சன்னல் இருந்தாலும் அது சொல்லியிருக்காது. ஆகவே அதன் மௌனம் சன்னல் மூடியிருப்பதற்குச் சான்றாகாது.

இல்லை, தெரியவில்லை என்னும் இந்த வேறுபாட்டை மென்பொருளே சில இடங்களில் மறைக்கிறது. ஒரு கருவியின் நிலையைக் கேட்கும் ‘ஸ்டேட்ஸ்’ செயற்கூறு, கருவி இருந்து அதன் நிலை இன்னும் தெரியாதபோதும், அப்படியொரு கருவியே அமைப்பில் இல்லாதபோதும் ‘அன்னோன்’ என்றே விடை தருகிறது. பண்பைக் கேட்கும் செயற்கூறு, பண்பு பதிவாகாதபோதும், பதிவாகி மதிப்பு வெறுமையாக உள்ளபோதும் ‘நன்’, அதாவது ஏதுமில்லை, என்கிறது. லூப்பில் இவ்விரண்டும் வேறு: பதிவாகாத பண்பு சுற்றில் வராது, வெறுமையான மதிப்புள்ள பண்பு பெயரோடு வந்து நிற்கும். பின்னது, இங்கே ஒன்று இருக்கவேண்டும், இப்போது இல்லை என்ற அறிவைத் தருகிறது. முன்னது எந்த அறிவையும் தருவதில்லை.

எனவே சுற்றவேண்டிய டிக்‌ஷனரி வேறு. இருக்கவேண்டியவற்றின் பெயர்களை வீட்டார் தாமே எழுதிவைக்க வேண்டும்: வாசற்கதவு, கொல்லைக்கதவு, மாடிச் சன்னல், ஒவ்வொன்றுக்கும் எதிரே அதன் சென்சார். லூப் இந்தப் பட்டியலைச் சுற்றி ஒவ்வொன்றையும் பெயர் சொல்லிக் கேட்கிறது. முதலில் ‘ஹேஸ் வேல்யூ’ என்னும் சோதனை: நிலை ‘அன்னோன்’, ‘அன்அவைலபிள்’ இரண்டும் அல்லாததா என்று பார்ப்பது. அதில் தேறாததைத் ‘தெரியவில்லை’ என்ற தனி வரிசையில் இடவேண்டும். தேறியவற்றை மட்டும் திறந்தது, மூடியது என்று பிரிக்கலாம். அந்தத் தனி வரிசையும் திறந்தவற்றின் வரிசையும் காலியாக இருக்கும்போது மட்டுமே ‘எல்லாம் மூடியிருக்கிறது’ என்ற செய்திக்கு உரிமை உண்டு. பிரதியோகி, இடம், இருந்தால் தெரிந்திருக்கும் என்ற தகுதி என்று தருக்க நூல் கேட்ட மூன்றும் இங்கே நிறைவேறுகின்றன.

இந்தத் தகுதி நிபந்தனையையே நையாயிகரான உதயணர் நியாயகுசுமாஞ்சலியில் இறைவனைப் பற்றிய வாதத்துக்குக் கொண்டுசென்றார். கண்ணுக்குத் தெரியவில்லை, ஆகவே இறைவன் இல்லை என்போருக்கு அவர் மறுப்பு: காட்சிக்கு உரிய பொருள் காணப்படாமைதான் இன்மையைக் காட்டும், இறைவன் காட்சிக்கு உரிய பொருள் அல்லன். இம்மறுப்பு இறைவனின் இருப்பை நிறுவுவதில்லை என்பதை அவர் அறிந்தே இருந்தார்; அதனால்தான் இருப்புக்கு வேறு அனுமானங்களைத் தனியே வகுத்தார். காணாமையிலிருந்து இன்மைக்குத் தாவக்கூடாது என்பது எவ்வளவு உறுதியோ, காணாமையை இருப்புக்குச் சான்றாக்கக்கூடாது என்பதும் அவ்வளவு உறுதி. உண்டு, இல்லை என்னும் இரண்டு விடைகளுக்கு நடுவே தெரியவில்லை என்பதற்கும் இடம் ஒதுக்குவது அறிவின் நேர்மை. சமய வாதத்திலும் இரவில் வீட்டைக் காக்கும் டெம்ப்ளேட்டிலும் அந்த நேர்மை ஒன்றே.