அரசாங்கப் பணம் பெறுவது இழிவா?

எமது கோயில் சமையலறையில் மரக்கறி வெட்டும்போது விவாதங்களுக்குக் குறைவில்லை. சில வாரங்களுக்கு முன் ஒருவர், "நாங்கள் உழைச்சு வரி கட்டுறம். எத்தினை இலட்சம் பேர் சென்ரர்லிங்க் காசில சும்மா இருந்து சாப்பிடுகினம்!" என்றார். பலர் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன். பக்கத்தில் பூசணிக்காய் வெட்டிக்கொண்டிருந்த வயோதிப ஐயா மட்டும் பேசவில்லை. அவர் முதியோர் ஓய்வூதியம் பெறுபவர்.

அந்த "எத்தினை இலட்சம்" யார் என்று வீட்டுக்கு வந்து யோசித்தேன். அவுஸ்திரேலியாவில் முதியோர் ஓய்வூதியம் பெறுவோரே 25 இலட்சத்துக்கு மேல். வேலை தேடுவோருக்கான கொடுப்பனவைப் பெறுவோர் அதில் பாதிகூட இல்லை. மற்றவர்கள் அங்கவீனர்கள், நோயாளரைப் பராமரிப்போர், தனித்துப் பிள்ளை வளர்க்கும் தாய்மார், 'யூத் அலவன்ஸ்', 'ஓஸ்ரடி' பெறும் மாணவர்கள். அகதிகளாக வந்த எம்மவர் பலர் முதல் மாத வாடகையை எந்தக் காசில் கட்டினார்கள் என்று நான் சொல்லத் தேவையில்லை. 1908 இல் ஓய்வூதியச் சட்டம் வந்தபோது, இந்நாட்டில் பிறவாத ஆசியர்களும் ஆதிக்குடி மக்களும் அதிலிருந்து விலக்கப்பட்டிருந்தனர். இன்று அதே வரிசையில் நிற்க எமக்கும் இடமுண்டு.

2020 இல் கொரோனா வந்தபோது வேலையற்றோர் கொடுப்பனவு பெற்றவர்களின் தொகை சில மாதங்களில் ஏறக்குறைய இரு மடங்காயிற்று. அத்தனை பேரும் திடீரென்று சோம்பேறிகள் ஆகிவிட்டார்களா?

ஆட்களைத் தொகையாக மட்டும் பார்த்தால் என்ன நடக்கும் என்பதற்கு 'ரோபோடெற்' சாட்சி. 2016 முதல் கணினி ஒருவரின் ஆண்டு வருமானத்தை 26 ஆல் வகுத்து, இரு வாரத்துக்கு ஒருமுறை அவர் அதே தொகையை உழைத்ததாகக் கணக்குப் போட்டது. விடுமுறையில் மட்டும் வேலை செய்து, படிக்கும் காலத்தில் உதவி பெற்ற மாணவனுக்குக் கடன் கடிதம் போயிற்று. நான்கு இலட்சத்துக்கும் அதிகமானோர் பாதிக்கப்பட்டனர். 2019 இல் அந்தக் கணக்கு முறை சட்டவிரோதம் என்று நீதிமன்றத்தில் முடிவாயிற்று. 2023 இல் அரச விசாரணை ஆணைக்குழுவும் கடுமையாகக் கண்டித்தது.

ஏமாற்றுவோர் இல்லை என்று நான் வாதாடவில்லை. என் கதையையே சொல்கிறேன். என் மகள் பல்கலைக்கழகம் புகுந்தபோது 'யூத் அலவன்ஸ்' படிவத்தைக் கொண்டுவந்தாள். 22 வயதுக்குக் குறைந்த மாணவர்களுக்குப் பெரும்பாலும் பெற்றோரின் வருமானத்தையும் பார்ப்பார்கள். எங்கள் சிறிய வீட்டிலிருந்து வரும் வாடகையை எழுதுவதா விடுவதா என்று பேனாவோடு இருந்தேன். "எல்லாரும் அப்படித்தானே" என்று மனம் சொன்னது. வரி கட்டுகிற எனக்கு ஓர் உரிமை இருப்பதாகவும் சொன்னது. மகள் எட்டிப் பார்த்து, "அப்பா, அதையும் எழுதவேணும்" என்றாள். எழுதினேன்.

தேவைக்குக் கேட்டு வாங்கியவர் அந்த ஐயா. தேவையில்லாமல் வாங்க நினைத்தவன் நான். அன்று சமையலறையில் தலைகுனிந்து இருந்தது அவர்.

மகளுக்குக் கொடுப்பனவு கிடைக்கவில்லை. சனிக்கிழமைகளில் பாண் கடையில் வேலை செய்கிறாள். ஐயாவிடம் மன்னிப்புக் கேட்க வேண்டுமென்று இரண்டு வெள்ளிக்கிழமைகள் போனேன். இருவரும் பூசணிக்காய் வெட்டினோம். இன்னும் கேட்கவில்லை.