எவர் பொருட்டு?

நேமிநாத தீர்த்தங்கரர் துறவு பூண்ட வரலாற்றை நம் இல்லங்களில் அறியாதார் இலர். திருமண ஊர்வலம் செல்லும் வழியில், பட்டியில் அடைக்கப்பட்ட விலங்குகளின் அலறல் அவர் செவியில் விழுந்தது. இவை எவர் பொருட்டு அடைக்கப்பட்டுள்ளன என்று வினவினார். அவருடைய மணவிருந்தின் பொருட்டே என்று விடை வந்தது. அவற்றைக் கொல்லச் சொன்னவர் அவர் அல்லர். அடைக்கச் சொன்னவரும் அல்லர். ஆயினும் தம் பொருட்டு என்ற ஒரு சொல்லே அவருக்குப் போதுமானதாயிற்று. தேரைத் திருப்பினார், கிர்நார் மலை ஏறினார்.

நாம் செய்யாத, ஆனால் நம் பொருட்டுச் செய்யப்படுகின்ற தீங்கிற்கு நாம் பொறுப்பாவோமா? சில ஆண்டுகட்கு முன் கிர்நார் யாத்திரை முடித்துத் திரும்புகையில், குஜராத்தின் சிறிய ரண் என்னும் உப்புவெளியின் ஓரமாக நாம் சென்றோம். அன்று தொட்டு இவ்வினா நம்மை விட்டு அகலவில்லை.

ஆசிரியப் பணியில் இருந்த காலத்தில் நாம் பாலைவனப் பாடத்தைப் பன்முறை நடத்தியிருக்கிறோம். "மழை குறைவு, மரம் இல்லை, உயிரினம் அரிது, பயனற்ற நிலம்" எனக் கரும்பலகையில் எழுதிப் போட்டோம். மாணவரும் அவ்வாறே எழுதி மதிப்பெண் பெற்றனர். அந்த உப்புவெளியைக் கண்ணால் கண்டபோதுதான் நாம் கற்பித்தது எத்துணைப் பிழை என்பது விளங்கிற்று.

மழைக்காலத்தில் நீர் பரந்து நிற்கும் அவ்வெளி, கோடையில் வெடித்த சேற்றுத் தரையாக மாறிவிடுகிறது. இடையிடையே மேடான திட்டுகள் உள்ளன. புல்லும் உமரி இனச் செடிகளும் அங்கே வளர்கின்றன. அவற்றை நம்பி வாழ்வது காட்டுக்கழுதை. நோயினால் 1960களில் சில நூறாக அருகிப்போன அவ்வினத்திற்கு 1973இல் அங்கே சரணாலயம் அமைந்தது. 2024ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அதன் தொகை 7,672. வடக்கே பெரிய ரண்ணில், நீர் நிறைந்த ஆண்டுகளில் பூநாரைகள் சேற்றைக் குவித்துக் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கின்றன. நம் உணவில் சேரும் உப்பும் அம்மண்ணுக்கு அயலானதன்று. இந்திய உப்பில் முக்கால் பங்கிற்கு மேல் குஜராத்திலேயே விளைகிறது. சிறிய ரண்ணில் அகரியா என்னும் உப்பளத் தொழிலாளர், நிலத்தடி உவர்நீரை இறைத்துப் பாத்தி கட்டி, வெயிலில் வெந்து அதனை விளைவிக்கின்றனர்.

இத்தகைய நிலத்தைப் பாழ்நிலம் என்று அழைப்பதால் வரும் கேட்டிற்கு ஒரு சான்று காட்டலாம். பெரிய ரண்ணின் தென்கரையில் பன்னி என்னும் பரந்த புல்வெளி உள்ளது. உப்பு முன்னேறி வருவதைத் தடுக்க வேண்டும் என்னும் நல்லெண்ணத்தோடு, 1960களின் தொடக்கத்தில் வனத்துறையினர் அங்கே ஒரு மரத்தை விதைத்தனர். அது வேறொன்றும் அன்று. நம் ஊர்க் கண்மாய்களை அடைத்து நிற்கும் சீமைக் கருவேலமே. கால்நடைகள் அதன் நெற்றுகளைத் தின்றன, சாணத்தின் வழி விதை எங்கும் பரவிற்று, புல் பின்வாங்கியது. அம்மக்கள் அதனைப் பைத்தியக்காரக் கருவேலம் என்னும் பொருள்படும் பெயரால் அழைக்கின்றனர். விதைத்தவர் உள்ளத்தில் தீமை இல்லை. எனினும் அங்கே முன்னரே வாழ்ந்தவை எவையெவை என்று போதிய அளவு எண்ணிப் பாராமை இருந்தது.

இதனினும் நம்மை வருத்துவது கானமயிலின் நிலை. 15 கிலோ வரை எடை கொள்ளும் பெரும்பறவை அது. ஒரு காலத்தில் தமிழகத்திலும் இருந்தது. இன்று பெரும்பாலும் ராஜஸ்தானின் தார்ப் பாலைவனத்திலேயே எஞ்சியுள்ளது. 1969இல் ஏறத்தாழ 1,260 என மதிப்பிடப்பட்டது. இன்று 150க்கும் குறைவு என்கின்றனர். பெரும்பாலும் ஒரே முட்டையை வெறுந்தரையில் இட்டு அடைகாக்கும். அதன் கண்கள் தலையின் இரு பக்கமும் நோக்கியவை; நேர் எதிரே உள்ள மின்கம்பி அதற்கு எளிதில் புலப்படுவதில்லை. புலப்பட்டாலும், கனத்த உடலைச் சட்டெனத் திருப்ப இயலாமல் மோதி மடிகிறது.

அக்கம்பிகளில் பல, கதிரொளியிலிருந்தும் காற்றிலிருந்தும் பெறும் மின்சாரத்தைச் சுமப்பவை. நிலக்கரிப் புகையைக் குறைப்பவை என்று நாம் போற்றி வரவேற்பவை. 2021இல் உச்ச நீதிமன்றம் கானமயில் வாழும் பகுதிகளில் கம்பிகளை மண்ணுக்கடியில் பதிக்க ஆணையிட்டது. 2024இல் அவ்வாணையைத் தளர்த்தி, எங்கெங்கு அது இயலும் என ஆராய வல்லுநர் குழுவை அமைத்தது. பறவையைக் காப்பதும் வேண்டும், புவி வெப்பமடைவதைத் தடுப்பதும் வேண்டும் என்பதே அங்கு எழுந்த இக்கட்டு.

"அப்படியாயின் விளக்கை அணைத்துவிடுவதா?" என்று வாசகர் கேட்கலாம். கேட்பது நியாயமே. இல்லறத்தார் முற்றும் தீங்கின்றி வாழ இயலாது என்பதை நம் அறம் மறைத்ததில்லை. ஆகவேதான் துறவிக்கு மகாவிரதமும் இல்லறத்தாருக்கு அணுவிரதமும் வகுத்தது. ஆனால் தவிர்க்க இயலாமை வேறு, கவனமின்மை வேறு. நம் சமயம் இம்சைக்கு வேராகக் காட்டுவது பிரமாதம் என்னும் அக்கவனமின்மையையே. அறியாதபோது நேர்ந்ததை அறியாமை என்று சொல்லிக்கொள்ளலாம். அறிந்த பின்னரும் அவ்வாறே தொடர்ந்தால் அதற்கு அப்பெயர் பொருந்தாது.

கம்பியை மண்ணில் புதைப்பதற்குச் செலவு மிகும்; அச்செலவு மின்கட்டணமாக நம் வீட்டு வாசலுக்கு வரும். அதனை முணுமுணுப்பின்றி ஏற்போமா என்பதே நம் முன் உள்ள சோதனை. நேமிநாதர் அரசையே துறந்தார். நம்மிடம் கேட்கப்படுவது சில ரூபாய்களும், ஆளில்லா அறையில் எரியும் விளக்கை அணைக்கும் சிறு பழக்கமுமே. அவற்றையும் கொடுக்க மனம் வராவிடில், அவர் வரலாற்றை நம் பிள்ளைகளுக்கு எந்த முகத்தோடு சொல்வது?

நம்மிடம் படித்தவர்கள் இன்று பெற்றோராகவும் சிலர் ஆசிரியராகவும் இருக்கின்றனர். அவர்களுள் எவரேனும் இதழைப் படிக்க நேர்ந்தால், ஒரு திருத்தத்தைக் குறித்துக்கொள்ள வேண்டுகிறோம். அன்று கரும்பலகையில் நாம் எழுதியவற்றுள் "பயனற்ற நிலம்" என்பதை அடித்துவிடுங்கள். அவ்விடத்தில் கானமயில், காட்டுக்கழுதை, பூநாரை, உமரி என்று எழுதி, அப்பெயர்களைக் குழந்தைகளுக்கும் சொல்லிக் கொடுங்கள்.